அடுத்தவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்ல நீங்கள் யார்?

ஒரு பயிற்சியாளர் மேடையில் பேசிய அந்த நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பகிர்ந்தும்விட்டீர்கள், அதனால் முழுக்க விவரிக்கப் போவதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண், தனக்கென்று ஒரு நிறைவு எப்படி வரும் என்று கேட்டார். பயிற்சியாளர் திரையில் இருந்த பிரமிடின் (உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, சுயமதிப்பு, உச்சியில் சுய நிறைவு, அதாவது தன்னால் ஆகக்கூடியதை முழுதாக ஆவது என்று கீழிருந்து மேலே அடுக்கிய படம்) இரண்டாவது படியைக் காட்டி, "நீங்க இன்னும் இங்கேதான் இருக்கீங்க, முதல்ல இதைவிட்டு வெளியே வாங்க, மேலே இருக்கறதை அப்புறம் பேசலாம்" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கைதட்டலைக்கூட விட்டுவிடுவேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மனுஷி எந்தப் படியில் இருக்கிறார் என்று மேடையில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் படிகளுக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படும் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவாலேயே முடியாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மாஸ்லோ பெயரைச் சொல்லித்தானே அடித்தார்கள், அவரிடமே போவோம். தேவைகளின் வரிசை பற்றி ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. அந்த முக்கோணம் 1960 வாக்கில் நிர்வாகவியல் எழுத்துகளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தேவை நூறு சதவீதம் தீர்ந்த பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைப்பது தவறு என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, சுய நிறைவு 10 சதவீதம் தீர்ந்திருக்கலாம் என்று ஓர் உதாரணக் கணக்கும் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே ஆளுக்குள், அரைகுறையாக. அடிப்படைத் தேவைகள் தீராத நிலையிலும் படைப்பு வேகம் பீறிட்டு வருபவர்கள் உண்டு என்றும் அங்கேயே சொல்கிறார். இதையெல்லாம் படிக்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சுய நிறைவு என்ற கருத்து மாஸ்லோவுக்கு எங்கிருந்து வந்தது? கர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற நரம்பியல் மருத்துவரிடமிருந்து. முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களை ஃபிராங்பர்ட்டில் வருடக்கணக்காகப் பார்த்தவர். மூளையின் ஒரு பகுதியே சிதைந்துபோனவர்கள். அவர்களும் மிச்சமிருக்கும் திறனை வைத்துக்கொண்டு தன்னால் ஆன முழுமையோடு வாழ முயல்கிறார்கள், உயிரின் அடிப்படை உந்துதலே அதுதான் என்று கண்டு சொன்னார். 1933-ல் நாஜிகள் அவரைச் சிறையில் போட்டு நாட்டைவிட்டே துரத்தினார்கள். இதைச் சொல்லும் புத்தகத்தை ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்தபோதுதான் எழுதினார். வீடு இல்லை, நாடு இல்லை, நாளை என்ன என்று தெரியாது. இந்தப் பயிற்சியாளரிடம் போயிருந்தால் அவரையும் இரண்டாவது படியில்தான் உட்கார வைத்திருப்பார்.

கோல்ட்ஸ்டீனை நான் படிக்கப் போனது அக்காவால். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அவரை முழுக்கப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவளிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. அதில் கோடு போட்டு மூன்று பத்தி: தேதி, அப்பாவுக்கு வந்த சொல், அது எப்படி வந்தது. "கேட்டதும் வந்தது." "கோபத்தில் வந்தது." "பொருளைக் காட்டியும் வரவில்லை." யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு நாள் ரேடியோவில் பழைய பாட்டு ஓடியபோது, ஒரு சொல்கூட உருப்படியாக வராத அப்பா கூடவே ஒரு வரியை முழுதாகப் பாடிவிட்டார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பேச்சு போனவர்களுக்குப் பாட்டு மிஞ்சியிருப்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். அவளுக்கு அது தெரியாது, தானாகக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து 'தண்ணீர்', 'வலிக்குது', 'போதும்' எல்லாவற்றையும் மெட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். 'போதும்' வந்துவிட்டது. 'தண்ணீர்' கடைசிவரை வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

அந்த நாட்களில் அக்காவுக்குத் தூக்கம் கிடையாது, வருமானம் கிடையாது. "உன் வாழ்க்கையே இப்படி வீணாப் போச்சேம்மா" என்று அத்தை அவள் எதிரிலேயே சொன்னார். அத்தைக்கும் அந்தப் பயிற்சியாளருக்கும் என்ன வித்தியாசம்? பயிற்சியாளரிடம் ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உடனே ஒருவர் வருவார்: "தியாகத்தைப் புனிதமாக்குகிறீர்கள்." இல்லை. அக்கா தியாகி இல்லை. கத்துவாள், கதவை அறைந்து சாத்துவாள், எங்கள் யாரோடும் நாள் கணக்கில் பேசமாட்டாள். சுய நிறைவு பெற்றவர்களிடமும் பிடிவாதம், எரிச்சல், சில நேரம் ஈரமற்ற கடுமை எல்லாம் உண்டு என்று மாஸ்லோவே பட்டியல் போட்டிருக்கிறார். நான் அவளுடைய கஷ்டத்தைப் புகழவில்லை. அந்தக் கஷ்டத்துக்கு நடுவிலும் அவள் முழுசாக அவளாக இருந்தாள் என்கிறேன்.

"வயிறு காய்ந்தால் ஆளுமையாவது ஒன்றாவது" என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். பசியும் பயமும் மனிதரை நொறுக்கும். 2011-ல் உளவியலாளர்கள் லூயிஸ் டே, எட் டீனர் இருவரும் 123 நாடுகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வில் அடிப்படைத் தேவைகள் வாழ்க்கை பற்றிய திருப்திக்கு மிக முக்கியம் என்றுதான் வந்தது. ஆனால் அதே ஆய்வில், கீழே உள்ளவை முழுதாகத் தீராவிட்டாலும் உறவும் திறமையும் தருகிற நிறைவு தனியாகக் கிடைக்கிறது என்றும் வந்தது. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"சுய நிறைவு பெற்றவர்களைத் தேடி மாஸ்லோ 3000 மாணவர்களைச் சலித்ததில் ஒரே ஒருவர்தானே தேறினார், அவ்வளவு அரிதான விஷயம்" என்பவர்களுக்கு: அவர் அதைத் தொடங்கியதே தன் ஆசிரியர்களான மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட், உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இருவர் மீதும் இருந்த வியப்பில். தான் மதித்தவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் என்ன பொதுவாக இருக்கிறது என்று பார்த்தார். ஐன்ஸ்டீன், எலினார் ரூஸ்வெல்ட் எல்லாம் அப்படித்தான் பட்டியலில் வந்தார்கள். கண்டிப்பான ஆராய்ச்சி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதுதான். அவர் கண்ணில் படாத லட்சம் அக்காக்கள் எப்படி அந்தக் கணக்கில் வருவார்கள்?

சரி, அந்தச் சுய நிறைவுக்கு எப்படித்தான் போய்ச் சேருவது? பிற்காலத்தில் மாஸ்லோ சொன்னது படி ஏறுவதைப் பற்றியே இல்லை. ஒரு நாளில் பலமுறை ஒரு சின்னத் தேர்வு வரும்: பயந்து பின்வாங்குவதா, ஓர் அடி வளர்வதா. நேர்மையாகச் சொல்வதா, மழுப்புவதா. அவை சேர்ந்து சேர்ந்துதான் சுய நிறைவாகும். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், தங்களுக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு வேலையில் தங்களைக் கொடுத்திருந்தார்கள் என்றும் சொன்னார். சுய நிறைவை நேராகத் துரத்தினால் கிடைக்காது, வேறொன்றுக்காகத் தன்னை மறக்கும்போது கூடவே வருவது என்றார் விக்டர் ஃபிராங்கல், நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த மனநல மருத்துவர். இதில் எந்த இடத்தில் "முதலில் அம்மாவை விட்டு வெளியே வா" என்று இருக்கிறது?

நான் இவ்வளவு கொதிப்பதற்குப் பயிற்சியாளர் மட்டும் காரணமில்லை. அந்தக் காணொளிக்குக் கீழே இதயம் போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் பலர். எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவோடு பேசிவிட்டுப் போனவர்கள் இருக்கிறீர்கள். அன்றைக்கெல்லாம் அவளைப் பார்த்து உள்ளுக்குள் இதைத்தான் நினைத்தீர்களா?

கவனிப்பு வேலையில் இருப்பவர் வளர வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால், வாரத்தில் ஒரு பகல் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் வெளியே போகட்டும், படிக்கட்டும், வரையட்டும், இல்லை தூங்கட்டும். வெளியே வா என்று சொல்பவர்கள் யாரும் உள்ளே போய் உட்காருவதில்லை. அக்காவுக்கு அந்த ஒரு பகலைக் கொடுத்தவர்கள் யார், கொடுக்காதவர்கள் யார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், மாஸ்லோவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், பதில் சொல்கிறேன். அக்கா எந்தப் படியில் இருந்தாள் என்று மட்டும் யாராவது எழுதினால் அழித்துவிடுவேன்.