மேடை முன்பே இருந்தது, டார்த் வேடர் பிறகுதான்

"டார்த் வேடர் குரலால் வந்த புகழை வைத்துத்தான் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுக்கு பிராட்வே மேடையே கிடைத்தது" என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். ஜோன்ஸ் அமெரிக்க நடிகர்; 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வில்லன் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர். பிராட்வே என்பது நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள். காலவரிசை அப்படியே தலைகீழாக இருக்கிறது.

ஸ்டார் வார்ஸ் வெளிவந்தது 1977இல். ஜோன்ஸ் 1950களின் இறுதியிலேயே பிராட்வேயில் நடித்துக்கொண்டிருந்தார். 1968இல் 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரராக நடித்து, மறு ஆண்டே சிறந்த நடிகருக்கான டோனி விருதை (பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருது) வாங்கினார். அதே வேடத்தைத் திரையில் செய்தபோது ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. வேடருக்காக அவரைத் தேடிப் போனதே இதற்கெல்லாம் பிறகுதான்.

ஸ்டார் வார்ஸில் ஜோன்ஸின் 'பெயரை இருட்டடிப்பு செய்தார்கள்' என்று அந்தப் பதிவு சொல்வதும் தவறு. வேடரின் கறுப்பு உடைக்குள் நடித்தவர் டேவிட் ப்ரவுஸ்; ஜோன்ஸ் கொடுத்தது குரல் மட்டுமே. தன் பங்கு வெறும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மாதிரிதான் என்று கருதி, முதல் படத்தில் பெயர் போட வேண்டாம் என்றவர் ஜோன்ஸே.

அந்தப் பதிவில் வரும் 'பிறவியிலேயே அமைந்த குரல்' என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. திக்குவாயால் சிறுவயதில் பல ஆண்டுகள் கிட்டத்தட்டப் பேசாமலே இருந்தவர் அவர். அவர் கவிதை எழுதுவதை அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், அதை வகுப்பில் எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். திக்காமல் சொன்னார். அங்கிருந்து பழகிப் பழகி வளர்த்த குரல் அது.

'ஃபென்சஸ்' நாடகத்துக்காக 1987இல் இன்னொரு டோனி. 2022இல் பிராட்வேயின் கோர்ட் தியேட்டருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.