50 நிமிடத்தை விழுங்கி ஏப்பம் விட்டவர்கள்

ஒரு செய்தியைப் படிக்க இரண்டு நிமிடம். அது உண்மைதானா என்று பார்க்க ஒரு மணி நேரம். இது என்ன பிழைப்பு? சம்பளம் வாங்கிக்கொண்டு எடிட்டர் பார்க்க வேண்டிய வேலையைச் சந்தா கட்டிய வாசகன் ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அமெரிக்க அரசியலை வலதுசாரிப் பக்கம் நின்று கவனிக்கிறவர்களுக்கு இது தினப்படித் தலைவலி. டிரம்ப் இப்படிச் சொன்னார் என்று பத்து விநாடித் துண்டு ஒன்று வரும். உடனே கொதிக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. முதலில், அரசியல் பேச்சுகளை வெட்டாமல் போடும் சி-ஸ்பான் சேனலில் முழு வீடியோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 28, அமெரிக்கத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பாகிறது. அதில் 2021 ஜனவரி 6 அன்று, ஆதரவாளர்கள் கேப்பிட்டலுக்குள் (நாடாளுமன்றக் கட்டடம்) புகுந்து ரகளை செய்த நாளில், டிரம்ப் பேசியது வருகிறது: "கேப்பிட்டலுக்கு நடந்து போகப் போகிறோம், நானும் உங்களோடு இருப்பேன், போராடுவோம், வெறியோடு போராடுவோம்" என்று ஒரே மூச்சில் சொல்வது போல. ஒரே மூச்சா? முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே 50 நிமிடத்துக்கும் மேல் இடைவெளி! "நடந்து போகப் போகிறோம்" என்பதை அடுத்து அவர் சொன்னது, நம் துணிச்சலான செனட்டர்களையும் உறுப்பினர்களையும் உற்சாகப்படுத்தப் போகிறோம் என்று. அமைதியாகவும் தேசப்பற்றோடும் உங்கள் குரலைக் கேட்கச் செய்யுங்கள் என்றும் ஒரு வரி உண்டு. அது காணோம். "வெறியோடு போராடுவோம்" என்பது பேச்சு முடியப்போகிற இடத்தில் வருகிறது. தலையை ஓரிடத்தில் வெட்டி, வாலை வேறிடத்தில் வெட்டி, இரண்டையும் தைத்து, இதுதான் மீன் என்று தட்டில் வைத்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? பேச்சைக் கேட்ட கையோடு கூட்டம் கிளம்புவது போல, 'பிரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரிக் குழுவின் ஆட்கள் அணிவகுத்துப் போகும் காட்சி. அது டிரம்ப் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்தது.

ஜனவரி 6 அன்று கேப்பிட்டலில் நடந்தது நியாயமா என்றால், இல்லை. போலீஸ்காரனை அடித்தவனுக்கு வக்காலத்து வாங்க இங்கே யாரும் வரவில்லை. அந்தப் பேச்சை முழுசாகப் போட்டு, இதில் இன்னின்ன தப்பு என்று கிழித்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது. கையில் நிஜமான சரக்கு இருக்கும்போதே கலப்படம் செய்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

இந்த வெட்டு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை கண்டுபிடிப்பது சுலபம். பேச்சிலிருந்து எடுக்கும் துண்டுக்கு 'பைட்' என்று பெயர். இரண்டு பைட்டை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் படம் துள்ளும்: பேசுகிறவரின் தலை சட்டென்று நகரும், கை வேறு இடத்துக்குப் போயிருக்கும். இதுதான் ஜம்ப் கட். அதை மறைக்க, அந்த இடத்தில் கூட்டத்தின் முகத்தையோ தூரத்துக் காட்சியையோ ஒன்றரை விநாடி போர்த்துவார்கள். ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டுவதற்கு வசதியான இடம் கைதட்டல். மைக்கில் பின்னணி இரைச்சல் மாறுவதைக் கூட்டத்தின் ஆரவாரம் மூடிவிடும். காது தொடர்ச்சி என்று நம்பிவிடும், கண் காதை நம்பிவிடும்.

நேர்மையாக வெட்டவும் வழி இருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளை மின்னல் போடலாம், படத்தை மங்க வைத்து எடுக்கலாம், "பிறகு அவர் பேசும்போது" என்று பின்னணிக் குரலில் மூன்றே சொல் சேர்க்கலாம். அரை விநாடிச் செலவு. அந்த அரை விநாடியைக் கொடுக்க மனசில்லை.

ஆகவே வாக்கியத்தின் நடுவில் பேசுகிறவரின் முகம் மறைந்து கூட்டம் தெரிந்தால் உஷாராகுங்கள். ஆரவாரம் திடீரென்று ஏறினாலோ அறுந்தாலோ சந்தேகப்படுங்கள். பேச்சின் எழுத்து வடிவத்தை எடுத்து, துண்டின் முதல் நாலு சொல்லையும் கடைசி நாலு சொல்லையும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டும் ஒரே பத்தியில் கிடைக்காவிட்டால் கத்திரி புகுந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதை ஏன் நாம் செய்ய வேண்டும்?

சிபிஎஸ் '60 மினிட்ஸ்' கதை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை ரகம். 2024 அக்டோபரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் பேட்டி. நெதன்யாகு பற்றிய ஒரு கேள்விக்கு அவர் சொன்ன பதிலாக, 6ஆம் தேதி அந்த நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சியில் ஓடிய முன்னோட்டத்தில் ஒன்றும், 7ஆம் தேதி பேட்டியில் வேறொன்றும் வந்தன. பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே பதிலின் இரண்டு பாதிகள். சுற்றி வளைத்த பாதி முன்னோட்டத்துக்குப் போய்விட்டது, தெளிவான பாதி பேட்டியில் நின்றது. நீளத்துக்காகக் குறைப்பது எல்லா டெஸ்க்கிலும் நடப்பதுதான்; வழக்கு என்று போனால் சிபிஎஸ்ஸுக்கும் நிற்க இடம் இருந்தது. ஆனால் முழு எழுத்து வடிவத்தை அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் போட்டிருந்தால் விவகாரம் மறுநாள் காலையிலேயே செத்திருக்கும். போட்டார்களா? அரசின் ஒலிபரப்பு ஆணையம் கேட்ட பிறகு 2025 பிப்ரவரியில்தான் அது வெளியே வந்தது. நாலு மாதம்! கடைசியில் தாய்க் கம்பெனி பாரமவுண்ட் 2025 ஜூலையில் 1.6 கோடி டாலர் கொடுத்து டிரம்ப்பின் வழக்கை முடித்தது. அதற்கு முன்பே, டிரம்ப்மீதான நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத 'வன்புணர்வு' என்ற சொல்லைத் தொகுப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக ஏபிசி 1.5 கோடி டாலருக்குச் சம்மதித்து, வருத்தக் குறிப்பும் போட்டது. வாயை அடக்கியிருந்தால் காசு மிச்சம்.

வீடியோவில் கத்திரி என்றால் எழுத்தில் அழிரப்பர். தலைப்பு மாறும், மாறியது யாருக்கும் தெரியாது. 2023 அக்டோபர் 17, காசா அல்-அஹ்லி மருத்துவமனை வெடிப்பு. நியூயார்க் டைம்ஸ் முதலில் போட்ட தலைப்பு, இஸ்ரேல் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் பலி என்று பாலஸ்தீனர்கள் சொல்வதாக. சற்று நேரத்தில் 'இஸ்ரேல்' போயிற்று. பிறகு 'தாக்குதல்' போய் 'வெடிப்பு' வந்தது. காசாவிலிருந்து ஏவிய ராக்கெட் ஒன்று பழுதாகி விழுந்ததுதான் காரணம் என்று அமெரிக்க உளவுத்துறை பின்னால் கணித்தது. ஹமாஸ் தரப்புக் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று பத்திரிகை ஆசிரியர் குறிப்பு போட்டது 23ஆம் தேதி. ஆறு நாள் கழித்து. முதல் தலைப்பு கோடிக்கணக்கான போனில் டிங் என்று அடித்துவிட்டுப் போய்விட்டதே, அதைத் திரும்ப உறிஞ்ச முடியுமா?

இதைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. தலைப்பை மாற்றினாலும் இணைய முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும், அங்கே பாருங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைப் போட்டால், வெவ்வேறு நேரத்தில் பதிவான படிகள் கிடைக்கும். இரண்டு படியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சொல் எப்போது ஓடிப்போனது என்று தெரியும். 'புதுப்பிக்கப்பட்டது' என்று நேரம் போட்டு என்ன மாறியது என்று சொல்லாமல் விட்டால், சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வினைச்சொல்லிலும் வேலை காட்டுவார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் சறுக்கினால் தலைப்பு என்ன தெரியுமா? "குடியரசுக் கட்சியினர் பாய்ந்தனர்." சறுக்கியவர் ஓரமாக நிற்பார், பாய்ந்தவன் குற்றவாளி. இவர் சொன்னால் 'விளக்கினார்', அவர் சொன்னால் 'ஆதாரமின்றிக் கூறினார்'. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. 2020 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் பின்னால் தீ எரிகிறது, சிஎன்என் நிருபர் முன்னால் நிற்கிறார், கீழே எழுத்து ஓடுகிறது: தீப்பிடித்த, ஆனால் பெரும்பாலும் அமைதியான போராட்டம்! எழுதியவர் திரையைப் பார்க்கவே இல்லையா?

போடுகிற செய்தியிலாவது கத்திரி தெரியும். போடாத செய்தியை எப்படிப் பிடிப்பது? 2020 அக்டோபர் 14, அப்போது ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடனின் லேப்டாப்பில் கிடைத்த மின்னஞ்சல்கள் பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதுகிறது. ட்விட்டர் அந்த இணைப்பையே முடக்குகிறது, பத்திரிகையின் கணக்கைப் பூட்டுகிறது. ஐந்தாம் நாள் 51 முன்னாள் உளவு அதிகாரிகள் கடிதம்: ரஷ்ய வேலைக்கான அடையாளங்கள் தெரிகின்றன என்று. அந்தக் கடிதத்திலேயே எங்களிடம் ஆதாரம் இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. அதை எத்தனை பேர் தலைப்பில் போட்டார்கள்? 2022 மார்ச்சில்தான் பெரிய பத்திரிகைகள் அதிலிருந்த மின்னஞ்சல்கள் மெய் என்று ஒப்புக்கொண்டன. 2024 ஜூனில் டெலவேர் நீதிமன்றத்தில் ஹண்டர்மீதான வழக்கில் அதே லேப்டாப்பை அரசுத் தரப்பே சாட்சியமாக வைத்தது. அதற்குள் தேர்தல் முடிந்து மூன்றரை வருடம்.

பைடனின் வயது விஷயத்திலும் இதேதான். 2024 பிப்ரவரியில் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் ஞாபக மறதி என்று எழுதினால் அவர்மேல் பாய்ச்சல். ஜூன் மாதம் தடுமாறும் வீடியோக்கள் வந்தால் அவை மலிவான போலிகள் என்று வெள்ளை மாளிகை சொல்ல, அதை அப்படியே தலைப்பாக்கினார்கள். பத்து நாள் கழித்து, 27ஆம் தேதி விவாத மேடையில் ஊரே பார்த்தது. அடுத்த நாளே அத்தனை பத்திரிகையும் 'அதிர்ச்சி' அடைந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், சோற்றுக்குள் பூசணிக்காய் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள்.

உடனே "உங்க பாக்ஸ் நியூஸ் மட்டும் யோக்கியமா?" என்று கிளம்புவார்கள். இல்லையே! 2020 தேர்தலில் மோசடி செய்ததாக வாக்கு இயந்திரக் கம்பெனி டொமினியன்மீது பொய் பரப்பியதற்கு 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கட்டியது பாக்ஸ். கட்ட வேண்டியதுதான். தன் பார்வையாளன் கோபித்துக்கொண்டு வேறு சேனலுக்குப் போய்விடுவான் என்று பயந்து அவனிடமே பொய் சொன்னால் அதுவும் திருட்டுத்தான். ஆனால் பாக்ஸ் தன்னை வலதுசாரி இல்லை என்று சொல்லி ஊரை ஏமாற்றுவது எடுபடாது. அது யார் கடை என்று குழந்தைக்கும் தெரியும். நடுநிலை என்று பலகை மாட்டிக்கொண்டு ஒரே பக்கமாகத் தராசைச் சாய்க்கிறவனைத்தான் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் ஊடகத்தை நம்புகிறவர்கள் 28 சதவீதம் என்று 2025 கேலப் கருத்துக்கணிப்பு சொல்கிறது. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 8. அந்த எட்டுப் பேர் யார் என்றுதான் தெரியவில்லை.

நம்மூர் டெஸ்க்குகள் சும்மா இருக்கின்றனவா? ஏஜென்சி காப்பி வந்து பத்து நிமிடத்தில் தமிழாகிவிடுகிறது. அங்கே இருந்த 'என்று பாலஸ்தீனர்கள் சொல்கின்றனர்' என்ற வால், தலைப்பில் இடமில்லை என்று இங்கே முதல் வேலையாக அறுபடும். அங்கே ஆறு நாள் கழித்து வருகிற திருத்தத்தை மொழிபெயர்க்க யாருக்கும் ஷிப்ட் போடுவதில்லை.

பிபிசிக்குத் திரும்பி வருவோம். பிபிசியின் தரக் குழுவுக்கு வெளியிலிருந்து வந்த ஆலோசகர் மைக்கேல் பிரெஸ்காட் இந்த வெட்டையும் சொல்லி எழுதிய குறிப்பு 2025 நவம்பரில் டெலிகிராஃப் பத்திரிகையில் கசிந்த பிறகுதான் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னெஸும் பதவி விலகினார்கள். ஆனால் விஷயம் உள்ளே தரக் குழுவில் ஜனவரியிலேயே பேசப்பட்டிருக்கிறது, மே மாதம் மறுபடியும். பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முடிவெடுத்ததில் பிழை என்று மன்னிப்புக் கேட்ட பிபிசித் தலைவர் சமீர் ஷா, அதே கடிதத்தில் ஒன்று சொல்கிறார்: ஒளிபரப்பானபோது பார்வையாளர்களிடமிருந்து சொல்லிக்கொள்ளும்படி புகார் வரவில்லை, குறிப்பு வெளியான பிறகு 500க்கும் மேல் வந்திருக்கிறது என்று. எப்படி ஐயா வரும்? காணாமல் போன 50 நிமிடம் திரையில் தெரியுமா?