எட்வெஷ்: இசைக்குழு நடத்துநரின் மேடையில் உருவான இசையமைப்பாளர்

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேட்டர் எட்வெஷின் பேர்பெற்ற ஆபராக்கள் (பாடியே நடிக்கப்படும் இசை நாடகங்கள்) எல்லாம் அவருடைய ஐம்பது வயதுக்குப் பிறகே மேடையேறின என்பதைப் பார்க்கும் எவருக்கும், பிறர் எழுதிய இசையை நடத்துவதிலேயே அவர் தம் நல்ல ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டார் என்று தோன்றக்கூடும். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. அந்த ஆண்டுகள் இல்லையென்றால் அந்த ஆபராக்களும் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

அவர் 1944 ஜனவரி 2 அன்று, அப்போது ஹங்கேரியின் ஆட்சியில் இருந்து இன்று ருமேனியாவுக்குள் இருக்கும் திரான்சில்வேனியாவின் ஒரு சிறு நகரில் பிறந்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் ஆதரவோடு புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. ககாரின் விண்ணுக்குச் சென்ற 1961-இல் அந்தப் பயணத்தின் தாக்கத்தில் 'காஸ்மோஸ்' என்ற பியானோ படைப்பை எழுதினார். பிறகு நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இசையமைத்து, 1966-இல் மேற்கு ஜெர்மனியின் கொலோனுக்குச் சென்றார்.

அங்கே ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் குழுவில் வாசித்த ஆண்டுகளை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில், கேட்போரைச் சுற்றிலும் மேலும் கீழும் ஒலிபெருக்கிகள் அமைந்த கோள வடிவ அரங்கில் அந்தக் குழு இசைத்தது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் இசையின் பகுதியே என்பதை அங்கே அவர் உடலாலேயே உணர்ந்திருக்க வேண்டும். பின்னர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலேஸ் அவரைப் பாரிசுக்கு அழைத்தார். 1979 முதல் 1991 வரை 'ஆன்சாம்பிள் இன்டர்கன்டெம்பொரைன்' என்ற தற்கால இசைக்குழுவின் இசை இயக்குநராக இருந்து, மை காயாத இசைத்தாள்களை ஒத்திகை பார்ப்பதையே அன்றாட வேலையாகக் கொண்டிருந்தார். எந்தக் கருவி எந்தக் கருவியை மூழ்கடிக்கும், எது பாடகரின் குரலுக்கு இடம்விடும் என்பதை ஏட்டில் படித்து அறிந்துகொள்ள முடியாது.

இதற்குச் சான்று, 1998-இல் லியோனில் அரங்கேறிய 'மூன்று சகோதரிகள்'. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகத்தைக் காட்சி வரிசைப்படி பின்தொடராமல், சகோதரி இரினா, சகோதரன் ஆந்திரேய், சகோதரி மாஷா ஆகியோரின் பார்வையில் மூன்று தொடர்களாகப் பிரித்து, அதே நிகழ்வுகளுக்கு அவர் மீண்டும் மீண்டும் திரும்புகிறார். மேடைக்கு முன்னே 18 பேர் கொண்ட சிறு குழு. பின்னே பெரிய இசைக்குழு. முன்னிருக்கும் குழுவின் ஊதுகருவிகளில், மூன்றாவது சகோதரியான ஓல்காவுக்கு ஆல்டோ புல்லாங்குழல், இரினாவுக்கு ஓபோ, மாஷாவுக்குக் கிளாரினெட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துணைக்குரல் உண்டு. அரங்கேற்றத்தில் சகோதரிகளைப் பாடியவர்கள் கவுன்டர்டெனர் எனப்படும், பெண்குரலை ஒத்த உயர்ந்த குரல் கொண்ட ஆண்கள். இதை வெறும் புதுமை மோகம் என்று சொல்வது அநியாயம். பெண்மை, ஆண்மை என்ற அடையாளம் விலகியதும், பிரிவின் துயரம் எவருக்கும் உரியதாகிவிடுகிறது. முதல் நிகழ்ச்சிகளில் இசைக்குழு நடத்துநர் கென்ட் நகானோ முன்குழுவையும் எட்வெஷ் பின்குழுவையும் நடத்தினர்.

2003-இல் கொலம்பியா விண்ணோடம் சிதைந்தபோது இறந்த, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரின் நினைவாக எழுதிய 'செவன்' வயலின் கான்செர்டோவிலும் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்பு) ஒசாகாவின் பாடம் கேட்கிறது. 49 கலைஞர்கள் ஏழு குழுக்களாகப் பிரிகிறார்கள். தனி வயலினுக்கு ஆறு வயலின்கள் அரங்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து மறுமொழி தருகின்றன.

ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று பல மொழிகளில் ஆபரா எழுதியவர், தாய்மொழியில் எழுதியது ஒன்றே ஒன்று: ஹங்கேரிய எழுத்தாளர் க்ராஸ்னஹோர்கையின் நாவலைத் தழுவிய 'வலுஷ்கா'. அது 2023 டிசம்பரில் புடாபெஸ்டில் அரங்கேறியது. 2024 மார்ச் 24 அன்று அவர் காலமானார். அவரை இனிமேல் கேட்கத் தொடங்குவோர் 'செவன்' படைப்பிலிருந்து தொடங்கி, அதன்பின் 'மூன்று சகோதரிகள்' ஆபராவை முழுமையாக, ஒரே அமர்வில் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.