காட்டில் நல்ல காபி போடுவது திமிர் இல்லை

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் நாங்கள் கூடாரம் போட்டுத் தங்கிய முகாமின் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். நான் குனிந்து ஃபில்டரில் வெந்நீர் ஊற்றுவதை எனக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்து, "காட்டுக்கும் டபரா தூக்கி வந்த மகாராணி" என்று போட்டிருக்கிறார்கள். அதன் கீழே சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று காலை என் கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள். இன்னொரு தம்ளர் கிடைக்குமா என்று கேட்டவர்களும் அதில் இருக்கிறார்கள்.

குடித்துவிட்டுத்தான் சிரித்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முகாமில் நல்ல காபி போடுவது ஆடம்பரம் இல்லை. கூடாரத்தை நேராகக் கட்டுகிற மாதிரி, பாதையைச் சரியாகப் பார்த்து நடக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை. தெரிந்துகொண்டு செய்கிற வேலை. முடிச்சுப் போடத் தெரிந்தவரை எல்லோரும் பாராட்டுகிறீர்கள். டிகாக்‌ஷன் இறக்கத் தெரிந்தவளைப் பார்த்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னவனூர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபித் தூளுக்கு வேண்டிய சூடும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் வீட்டில் செய்வது போல இறக்கி வைத்துக் காத்திருக்கக் கூடாது, தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். ஆனால் எவர்சில்வர் ஃபில்டர் அந்தக் குளிரில் சில்லென்று இருக்கும். அப்படியே தூளைப் போட்டு ஊற்றினால் பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும், டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்கும். அதற்குத்தான் முதலில் வெந்நீர் விட்டு ஃபில்டரைச் சூடாக்கினேன், அப்புறம் என் கம்பளிக் குல்லாயைக் கழற்றி அதற்குச் சுற்றினேன். வீடியோவில் நீங்கள் அதிகம் சிரித்தது அந்தக் குல்லாயைப் பார்த்துத்தான்.

அடுப்பும் அப்படித்தான். அடுப்புக்கான கேனில் இருக்கும் பியூட்டேன் வாயு பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதே நின்றுபோகும். மன்னவனூரில் அவ்வளவு குளிர் இல்லை என்றாலும், எரிய எரிய கேன் தானாகவே குளிர்ந்து, சுடர் சோர்ந்துவிடும். இரவெல்லாம் அந்தக் கேனைப் போர்வைக்குள் என் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் அடுப்பு ஒரே தடவையில் பற்றியது. எப்படிப் பற்றியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கே வருகிறேன்.

"எடை" என்கிறார் ஒருவர். ஃபில்டரும் தூளும் சேர்ந்து அரைக் கிலோ இருக்காது, அதையும் நான்தான் சுமந்தேன். நீங்கள் கொண்டுவந்த ஸ்பீக்கர் அதைவிட கனம். இரவு பதினொன்று வரை அது அலறியதே, அதற்கு யாரும் வீடியோ போடவில்லை.

"காட்டில் நெருப்பு ஆபத்து" என்கிறார் இன்னொருவர். நியாயமான கவலை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மலையேறுகிற யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால்தான் தனியார் நிலத்தில், புல் இல்லாத தரையில், பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சின்ன அடுப்பில் போட்டேன். கூடாரத்துக்குள் பற்றவைக்கச் சொன்னவரிடம் முடியாது என்று சொன்னதும் நான்தான். மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். ஆனால் விறகைக் குவித்து நடுராத்திரி வரை எரித்தது யார்? காற்று வீசிப் பொறி பறந்தபோது எழுந்து வந்து அணைத்தது யார்?

பாத்திரம் கழுவத் தண்ணீர் வீணாகிறதாம். ஒரு தம்ளர் தண்ணீர் போதும். விடுங்கள்.

"காபி, கிரீமர், சர்க்கரை மூன்றும் சேர்ந்த பாக்கெட் இருக்கிறதே, வெந்நீரில் கலக்கினால் முடிந்தது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. குடியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் கிரீமரும்தான் முதலில் இருக்கும், காபி அவற்றுக்குப் பிறகுதான். குடித்து முடித்த பாக்கெட் எங்கே போனது? கிளம்பும்போது புல்லில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி என் பையில்தான் போட்டுக்கொண்டு வந்தேன். என் காபிச் சக்கையையும் உறையில் கட்டிக் கீழே கொண்டுவந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு கருத்தை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. "ஃபில்டர் காபி என்றாலே அந்த மேட்டுக்குடித் திமிர் வந்துவிடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நன்றாகப் படித்தவர், பல விஷயங்களில் நான் மதிக்கிறவர்.

என் அம்மாச்சி தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் பழம் எடுத்தவர். கார்த்திகை தொடங்கித் தை வரை, காலைப் பனியில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்பார். பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும், பச்சையாகப் பறித்தால் மேஸ்திரி கூலியில் பிடிப்பார். நல்ல பழமெல்லாம் எடை போட்டு, தோல் நீக்கி, காய்ந்து, விற்பனைக்கு மலைக்குக் கீழே பட்டிவீரன்பட்டிக்கு இறங்கிவிடும். தண்ணீரில் மிதந்து ஒதுங்கின சொத்தைக் கொட்டைதான் வீட்டுக்கு. அதை ஓட்டில் வறுத்து, உரலில் இடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார். பால் கிடையாது. தான் எடுத்த நல்ல கொட்டையில் போட்ட காபி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. என் முதல் சம்பளத்தில் ஃபில்டரும், அதே மலையில் விளைந்த காபித் தூளும் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுக்குத்தானா அம்புட்டு வெரட்டுனாய்ங்க" என்றார்.

அந்த ஃபில்டர்தான் வீடியோவில் இருப்பது.

இப்போது சொல்லுங்கள், யாருடைய திமிர் அது? காபியை நட்டது, களை எடுத்தது, பழம் கிள்ளியது, மூட்டை சுமந்தது எல்லாம் எங்கள் ஆட்கள். அதை ருசி பார்த்துக் குடித்தால் மட்டும் அது வேறு யாருடைய பழக்கமோ ஆகிவிடுமா? நல்லதைக் குடிக்க ஆசைப்பட்டால் உடனே "நீ அவர்களைப் போல ஆகிவிட்டாய்" என்கிறீர்கள். அப்படியானால் நல்லதெல்லாம் அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டது நீங்களா, நானா? சொத்தைக் கொட்டையும் பாக்கெட் தூளும்தான் எங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதியது அப்படித்தான் வந்து விழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் காபி போட்டது நான் ஒருத்தி. இதையே ஒரு ஆண் செய்திருந்தால் "தலைவர்" என்று தலைப்பு வந்திருக்கும்.

உள்பெட்டியில் அக்கறையோடு அளவு கேட்டவர்களுக்கு: 50 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர், நாலைந்து பேருக்குக் காணும். சிக்கரி கொஞ்சம் கலந்த தூள் என்றால் மெதுவாக இறங்கும், அவசரப்பட்டுத் தட்டாதீர்கள். இரவே இறக்கி வைத்தாலும் சரி, காலையில் டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் ஏற்றாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், கொதித்தால் கசந்துவிடும். பால் முடிந்தவரை பக்கத்து ஊரில் மாடு வைத்திருக்கும் வீட்டிலேயே வாங்குங்கள்.

அடுத்த மாதம் ஏற்காடு போகிறோம். ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காபி விளைகிற மலை. நான் வராமல் இருந்துவிடுவேன் என்று சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வருகிறேன். ஃபில்டரும் வரும், குல்லாயும் வரும். குடிக்கிறவர்கள் ஆளுக்கொரு தம்ளர் கொண்டு வாருங்கள். பாக்கெட்தான் வேண்டும் என்பவர்களுக்கு வெந்நீரும் நானே போட்டுத் தருகிறேன். காலி உறையை மட்டும் அவரவர் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.