கென் மெக்கின்லேயை எதைக்கொண்டு அளப்பது?

ஸ்காட்லாந்தின் ஸ்பீட்வே வீரர் கென் மெக்கின்லேயைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல வீரர்தான், ஆனால் உலகப் பட்டம் வெல்லவில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த 'ஆனால்' மீது எனக்கு நெடுநாள் கோபம்.

ஸ்பீட்வேயைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். 500 சிசி வண்டி. ஒரே கியர், மெத்தனால் எரிபொருள், பிரேக் கிடையவே கிடையாது. வளைவெல்லாம் இடப்பக்கமே. பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் உரசியபடி போவார்கள். பக்கத்தில் ஓட்டுபவரின் முழங்கை இடிக்கும். முன்னால் போகிறவரின் சக்கரம் வாரி இறைக்கும் மண் முகத்தில் அறையும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

மெக்கின்லே 1928-இல் கிளாஸ்கோவை அடுத்த பிளாண்டயரில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் பயணம் செய்து ஆராய்ந்த டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்ததும் அதே ஊர்தான். ராணுவப் பணிக்காக ஜெர்மனியில் இருந்தபோது இந்த ஓட்டத்தைப் பழகிக்கொண்டு, 1949-இல் கிளாஸ்கோ டைகர்ஸ் அணிக்கு வந்தார். சூறாவளியைக் குறிக்கும் 'ஹரிக்கேன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வாலில் அவர் பெயரே ஒட்டியிருப்பதால் ரசிகர்கள் 'ஹரி-கென்' என்று அழைத்தார்கள். பொருத்தமான பெயர்.

அவருடைய திறமை முற்றிவந்த நேரத்தில் சொந்த நாட்டில் தடம் இல்லாமல் போனது. கூட்டம் குறைந்தது, கேளிக்கை வரி கழுத்தை நெரித்தது. 1954 முடிவதற்குள் கிளாஸ்கோவின் இரண்டு தடங்கள், எடின்பரோ, மதர்வெல் எல்லாமே ஓய்ந்துவிட்டன. மெக்கின்லே இங்கிலாந்துக்குப் போய் லெஸ்டர் ஹன்டர்ஸ் அணியில் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் உலகப் பட்ட வீரர் உருவாகவில்லை என்று குறை சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. அவரை உருவாக்கிய தடமே அவர் காலடியிலிருந்து உருவப்பட்டுவிட்டது.

சரி, அந்தப் பட்டம் அப்போது எப்படித் தீர்மானிக்கப்பட்டது? ஒரே ஓர் இரவில். 16 வீரர்கள், 20 ஓட்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்பு, அதிகபட்சம் 15 புள்ளி. ஒரு சங்கிலி அறுந்தால், தொடக்க நாடா மேலே எழும் கணத்தில் கை அரை நொடி தாமதித்தால், அந்த ஆண்டு முடிந்தது. அந்த இரவுக்குத் தகுதி பெறுவதற்கே கோடை முழுக்கச் சுற்றுச் சுற்றாக ஓட்டித் தேற வேண்டும். மெக்கின்லே ஒருமுறை அல்ல, பலமுறை தேறினார். இதை யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

நான் எண்ண விரும்புவது 1965-ஐ. அந்த ஆண்டுதான் 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் தொடங்கியது. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளோடு உள்ளூரிலும் வெளியூரிலும் மோதினால் 34 போட்டிகள். முன்னணி வீரர் ஒரு போட்டியில் வழக்கமாக நான்கு முறை ஓட்டுவார். முழுப் பருவமும் ஓட்டினால் 136 ஓட்டங்கள். மழையில் ஊறிய தடம், எலும்பாய்க் காய்ந்த தடம், எதிரணி நன்கறிந்த வளைவுகள் எல்லாம் அதில் அடக்கம். அந்த முதல் லீகை வென்றது லண்டனின் வெஸ்ட் ஹாம். நாக்-அவுட் கோப்பையும் லண்டன் கோப்பையும் அதே ஆண்டில் அந்த அணிக்கே. நார்வேக்காரர் ஸ்வெர்ரே ஹார்ஃபெல்ட், நார்மன் ஹன்டர், இளைஞராக இருந்த மால்கம் சிம்மன்ஸ் எல்லோரும் இருந்த அந்த அணிக்குத் தலைவர், 37 வயது மெக்கின்லே. ஐந்து ஓட்டங்களைவிட இந்தப் பருவம் ஒரு வீரரைப் பற்றி அதிகம் சொல்லும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 1970-களில் ஸ்கன்தோர்ப் என்ற எஃகு ஆலை நகரத்தில், லீகின் இரண்டாம் அடுக்கில், தன் மகன் வயதுப் பையன்களோடு ஓட்டிக்கொண்டிருந்தார். உலக இறுதி வரை போனவர் அங்கே இறங்கி வந்ததை வீழ்ச்சி என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடித்திருந்தது.

2003-இல் அவர் இறந்தார். அவர் கொடி நாட்டிய தடங்கள் அவருக்கு முன்பே போய்விட்டன. கிளாஸ்கோ ஒயிட் சிட்டி அரங்கை இடித்து எம்8 நெடுஞ்சாலை போட்டார்கள். லெஸ்டரின் பிளாக்பேர்ட் ரோடு 1980-களில் வீட்டுமனையானது. வெஸ்ட் ஹாம் அணியின் கஸ்டம் ஹவுஸ் அரங்கை வடிவமைத்தவரும் ஒரு கிளாஸ்கோக்காரர்தான், ஆர்ச்சிபால்ட் லீட்ச். மெக்கின்லே பிறந்த அதே 1928-இல் திறக்கப்பட்ட அரங்கு அது, 1972-இல் மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகள். சில தெருக்களுக்கு அந்தத் தடத்தின் பழைய ஸ்பீட்வே வீரர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.