சீர் எண்ணினால் பாட்டு செத்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் ஒருவர் பழம்பாட்டு ஒன்றைச் சொல்லிப் பேசினார். அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எதுகை மோனை பார்ப்பது பண்டிதர் வேலையாம், ரசிகன் சீர்களை, அதாவது அடியிலுள்ள ஓசைத் துண்டுகளை, எண்ண மாட்டானாம். சரி, அது அவர் கருத்து. ஆனால் என் பதிவுக்குக் கீழே வந்து 'கணக்குப்பிள்ளை' என்று சிலர் எழுதிவிட்டுப் போன பிறகு பொறுக்க முடியவில்லை.

அவர் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். புறநானூறு 112. மலைநாட்டு மன்னன் பாரி இறந்து, பகை வேந்தர் அவன் மலையைப் பிடித்த பிறகு அவன் மகள்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒன்றேதான். அற்றை (அன்று) இற்றையாகிறது (இன்று), அவ்வெண் இவ்வெண்ணாகிறது. அகரம் இருந்த இரண்டு இடத்தில் இகரம். நிலவு அப்படியே இருக்கிறது. அப்பாவும் மலையும் போன ஒரு மாதத்தைச் சொல்ல அந்தப் பெண்களுக்கு இரண்டு எழுத்து போதுமாயிருக்கிறது. இதை எண்ணிப் பார்க்காமல் எப்படி ரசிப்பது?

நான்காம் அடிக்கு வாருங்கள். இந்தப் பாட்டின் பாவகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தைய அடிக்கு, மூன்றே சீர். இரண்டாம் அடியில் 'எம்குன்றும்' ஒன்றாக ஒட்டி நின்றது. இங்கே 'எம்' ஓரடியின் கடைசியில் தனியாக நிற்க, 'குன்றும்' அடுத்த அடிக்குப் போய்விட்டது. மலை கைவிட்டுப் போவது காதிலேயே கேட்கிறது. நேரலையில் அவர் அந்த இடத்தில் நிற்கவே இல்லை, ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு வலித்தது அங்கேதான். முன்னே வந்த தந்தை கடைசிக்குப் போய் 'இலமே' என்று முடிவதும் அந்த ஓட்டத்தில் போயிற்று.

"அடி பிரித்தது பதிப்பித்தவர்கள்தானே?" என்பீர்கள். ஓலையில் அடி பிரித்து எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் வென்றெறி, குன்றும் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையே அடி எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடுகிறதே! 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சா. போன்ற, செய்யுள் இலக்கணமான யாப்புத் தெரிந்தவர்கள் கைபட்டுத்தான் இந்தப் பாட்டு நமக்கு வந்திருக்கிறது. அவர்களும் கணக்குப்பிள்ளைகளா?

அப்பா போன அடுத்த மாதம், பௌர்ணமியன்று மாடியில் நின்றபோது என் வாயில் வந்தது உரைநூலில் படித்த பொருள் இல்லை. 'அற்றைத் திங்கள்' என்கிற ஓசைதான் வந்தது. 'வேந்தரெம்' வரை சொன்னேன், அதற்கு மேல் குரல் எழவில்லை. அடி முடிகிற இடத்தில்தான் நின்றுபோனேன். என்னிடம் வந்து, யாப்பு உணர்ச்சியைக் கொல்லும் என்கிறார்கள்.

புதுக்கவிதைக்கு எதிரியா என்று வேறு ஆரம்பிக்காதீர்கள், அந்தப் பேச்சே இங்கே இல்லை. "பாடியவர்கள் எண்ணிக்கொண்டா பாடினார்கள்?" மாட்டார்கள்தான். அவர்கள் காதில் அந்த ஓசை ஊறியிருந்தது. எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை, அதனால் எண்ணுகிறேன். இனியும் எண்ணுவேன்.