யானை இடத்தில் போய் வீடு கட்டினார்களாம்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற போட்ஸ்வானா நாட்டில், கசானே என்கிற ஊர்ப் பக்கம் எடுத்த படங்களைக் காட்டி, யானைகள் வயலுக்குள் புகுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "யானை இருக்கிற இடத்துல போய் வீடு கட்டினா அப்படித்தான்" என்றார் ஒரு பெரியவர். அரங்கமே கைதட்டியது. அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

கசானேயை ஒட்டியிருக்கிற சோபே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1960களின் இறுதியில். சுபியா இன மக்கள் அங்கே சோபே ஆற்றங்கரைப் பக்கம் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே வாழ்கிறார்கள். பூங்காவைச் சுற்றி வேலி கிடையாது. நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 25 லட்சம்தான். யானைகள் சுமார் 1,30,000. யார் யாருடைய இடத்துக்குப் போனார்கள்?

நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, இருட்டிவிட்டால் பக்கத்துக் கடைக்குக்கூட நடந்து போக விடமாட்டார், டாக்சி கூப்பிடச் சொல்வார். கடை வாசலில் காட்டுப்பன்றிகள் முட்டிபோட்டுப் புல் மேயும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் தங்கையின் வயல் காவிம்பா என்கிற கிராமத்தில். அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரே ராத்திரியில் சோளம் மொத்தமும் போய்விட்டது. மிளகாயைச் சாணத்தோடு கலந்து எரித்துப் புகை போட்டும் பயனில்லை. அரசு நஷ்டஈடு? "வரும், எப்போ வரும்னுதான் தெரியாது" என்று சிரித்தார். இங்கே மொட்டைமாடியில் குரங்கு நாலு வடாத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே வனத்துறைக்குப் போன் போடுகிற நாம், அந்த அம்மாவுக்கு நியாயம் சொல்கிறோம்.

"நீயும் படகில் போய்ப் படம் எடுத்தவன்தானே?" எடுத்தேன். தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டு யானைக்கூட்டம் ஆற்று நடுவில் இருக்கிற செடூடு தீவுக்கு நீந்திப் போனதை வாய்பிளந்து பார்த்தேன். யானையை வெறுக்கச் சொல்கிறேனா? அதோடு தினமும் வாழ்கிறவர் பேச்சை முதலில் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"அப்போ வேட்டையை ஆதரிக்கிறாயா?" போட்ஸ்வானாவில் வேட்டைக்கு 2014இல் தடை போட்டார்கள், 2019இல் நீக்கினார்கள். எனக்கும் வேட்டை பிடிக்காது. அது பெரிய விவாதம், இன்னொரு நாள் பேசலாம். ஆனால் வேட்டைக்காரர்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுவரும் தந்தம், தலை மாதிரியான வேட்டைப் பொருள் இறக்குமதியை இறுக்கப்போவதாக ஜெர்மனி பேசியபோது, 2024இல் போட்ஸ்வானாவின் அன்றைய ஜனாதிபதி மசிசி "20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறேன், கூட வாழ்ந்து பாருங்கள்" என்கிற மாதிரி சொன்னாரே, அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தவர்களில் நான் இல்லை.

அப்புறம் கேள்வி நேரம். சிங்கம் எவ்வளவு கிட்டே வந்தது? அங்கே திருட்டு பயம் உண்டா? புழு தின்பார்களாமே? ஆமாம் சார், மொபானே மரத்து இலையைத் தின்று வளரும் புழுவைக் காயவைத்து வறுத்துத் தின்பார்கள். நானும் தின்றேன், நன்றாகவே இருந்தது. கடைக்காரர், ஓட்டுநர், யாராக இருந்தாலும் முதலில் வணக்கம் சொல்லி நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிற ஊர் அது. அங்கே போய்வந்தவனிடம் கேட்பது திருட்டு பயம்! அந்தத் தங்கை அந்த வருஷம் என்ன சாப்பிட்டார் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

இதற்குக் கீழேயும் "மனிதன்தான் ஆபத்தான விலங்கு" என்று யாராவது வருவார். வாருங்கள். அதற்கு முன் அறுவடை நேரத்தில் காவிம்பாவில் ஒரு ராத்திரி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வயல் காவல் இருந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.